மாப்பிள்ளையைப் பிடித்துவைத்த ஐந்து டிகிரி

என் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு தடை வந்தது. அந்தத் தடையை டைப் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, ஈமெயிலில் அனுப்பிவைத்தவள் நானேதான். சர்ச்சில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று பாதிரியார் கேட்டபோது ஊரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது ஓலைக்கு மறுநாளே மணப்பெண் தடை சொன்ன கதை எங்கள் சபையில் இதற்கு முன் கிடையாது.

கப்பல் எஞ்சினில் ஓடிய எண்ணெயைச் சோதித்து, அந்த எஞ்சின் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்வது என் வேலை. இதை நான் குன்னூரில் உட்கார்ந்து செய்கிறேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். பெண் பார்க்க வந்தவர்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பாங்கி மானேஜர் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று. கடலுக்கு மேலே ஆறாயிரம் அடி உயரத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் லேப் இருக்கிறது. கொச்சியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கூரியரில் சின்னச் சின்ன பாட்டிலில் கறுப்பு எண்ணெய் வரும். கீழே பன் வேகும் வாசனை, மேலே எரிந்த எண்ணெய் வாசனை. ஆறு வருஷமாக இரண்டையும் சேர்த்து முகர்ந்து, இப்போது ஒன்றில்லாமல் இன்னொன்று எனக்குப் பிடிப்பதில்லை.

லேப் நடத்துகிற சார் ஒரு காலத்தில் கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்தவர். எஞ்சின் ரூமில் வெந்தது போதும், இனிமேல் ஃபேன் தேவைப்படாத ஊரில்தான் குடியிருப்பேன் என்று சபதம் போட்டுக் குன்னூருக்கு வந்தவர். கடலை எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் வைத்துவிட்டு, அதன் எண்ணெயை மட்டும் வரவழைத்துக்கொண்டிருந்தார். நானோ கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கின் மகள். கெமிஸ்ட்ரி படித்தவள். அதுவரை ஒரு கப்பலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பார்க்காவிட்டால் என்ன? பாட்டிலில் எல்லாம் தெரியும். எண்ணெயில் மிதக்கும் இரும்புத் துகளைக் காந்தத்தால் இழுத்து ஒரு கண்ணாடிச் சில்லில் படியவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். இயல்பான தேய்மானம் என்றால் மெல்லிய தகடு தகடாக இருக்கும். உள்ளே எங்காவது உலோகம் உலோகத்தைச் சுரண்டினால், கேரட் சீவினது போலச் சுருள் சுருளாக வரும். செம்பு ஏறினால் பேரிங், உப்பு ஏறினால் கடல் தண்ணீர் எங்கோ நுழைகிறது. எனக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. பாட்டிலைப் பார்த்தே எஞ்சினின் குடலைச் சொல்லிவிடுவேன் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையும் எனக்குப் பாட்டில் வழியாகத்தான் வந்தார். தூத்துக்குடியில் பெரிய கப்பல்களை இழுத்துவந்து கட்டும் டக் படகு ஒன்றில் அவர் செகண்ட் எஞ்சினியர். முதலில் அனுப்பிய பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பியிருந்தார். குலுக்கினால்தான் அடியில் தங்கிய துகள் கலையும். கழுத்துவரை நிரப்பினால் எதைக் குலுக்குவது? எனக்குச் சுர்ரென்று கோபம் வந்து, ரிப்போர்ட்டின் குறிப்புக் கட்டத்தில் இரண்டு வரி திட்டி எழுதினேன். அடுத்த பாட்டில் மூன்றில் ஒரு பங்கு காலியாக வந்தது. லேபிளில், குறிப்பு என்ற இடத்தில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது: 'குலுக்க இடம் விட்டிருக்கிறேன். குன்னூரில் மழையா? எனக்கு ஊர் கேத்தி.'

நான் அடுத்த ரிப்போர்ட்டில் இரும்பு, செம்பு, தண்ணீர் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் 'மழை இல்லை, மூடுபனி' என்று எழுதினேன். அனுப்பும் முன் சார் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். அழிக்கவில்லை. இப்படியே ஒன்பது பாட்டில் போனது. பத்தாவது பாட்டிலோடு அவர் அப்பா அம்மா பக்கத்து ஊரான கேத்தியிலிருந்து ஒரு மூட்டை கேரட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்துவிட்டார்கள்.

அந்தப் படகில் அப்போது ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. படகுக்கு இரண்டு எஞ்சின். வலது பக்க எஞ்சினில் வழக்கமான எண்ணெய், இடது பக்க எஞ்சினில் புதிதாக வந்த ஓர் எண்ணெய். ஆறு மாதம் ஓட்டி, எது தேய்மானத்தைக் குறைக்கிறது என்று பார்ப்பது திட்டம். மாதா மாதம் இரண்டிலும் எண்ணெய் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். இடது எஞ்சின் அவர் பொறுப்பு. அதில் பிசகு வந்தால் அவர்தான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

இப்போது ஒரே ஒரு பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் விட்டுச் சூடாக்குவோம். சூடு ஏற ஏற ஆவி கிளம்பும். மேலே ஒரு குட்டிச் சுடரைக் காட்டினால், ஒரு கட்டத்தில் அந்த ஆவி குப்பென்று நீலமாகப் பற்றி அணையும். எத்தனை டிகிரியில் பற்றியது என்று குறித்துக்கொள்வோம். எண்ணெயில் டீசல் கலந்திருந்தால் சீக்கிரமே பற்றிவிடும். டீசல் கலந்த எண்ணெய் எஞ்சினைக் காக்காது, தேய்த்துத் தின்றுவிடும். அந்தச் சோதனையில் நூற்றுத் தொண்ணூறு டிகிரிக்குக் கீழே போனால் சிவப்பு என்று பேசி வைத்திருந்தார்கள்.

மலைமேலே இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே காற்றின் அமுக்கம் குறைவு. மேலேயிருந்து அமுக்க ஆளில்லாததால் ஆவி சுலபமாகக் கிளம்பிவிடும், எண்ணெய் முன்னதாகவே பற்றும். கடலோரத்தில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் பற்றுவது குன்னூரில் நூற்று எண்பத்தேழிலேயே பற்றிவிடும். அதனால் எங்கள் பழைய கருவிக்கு மேலே சுவரில் 'ஐந்து கூட்டு' என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தோம். ஜெபத்துக்கு முடிவில் ஆமென் சொல்வதுபோல, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் நான் ஐந்து கூட்டுவேன். ஏன் என்று யோசிப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் புதுக் கருவி வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். ஊசியில் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், எல்லாவற்றையும் அதுவே செய்து எண்ணைக் காட்டும். மாட்டிக்கொடுக்க வந்தவர் காற்றமுக்கத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினார். நான் உற்சாகமாக ஸ்டூல்மேல் ஏறி 'ஐந்து கூட்டு' தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். காற்றமுக்கத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நாம்தான் கருவிக்குள் ஒரு இடத்தில் அமைக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகத்தை யார் படித்தார்கள்? கல்யாணப் பெண் புடவைக் கலர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவருடைய பாட்டில் வந்தது. இடது எஞ்சின். கருவியில் விட்டேன். நூற்று எண்பத்தேழு. போன மாதம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று இருந்தது. மறுபடி விட்டேன், அதேதான். மூன்றாவது தடவையும் அதே. இவர் புதன்கிழமை இரவு ரயிலேற வேண்டும், சனிக்கிழமை கல்யாணம். ஒரு நிமிஷம் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, மாப்பிள்ளைக்காக எண்ணை மாற்றுகிறவள் நானில்லை என்று எனக்கு நானே ஒரு சினிமா வசனம் பேசிக்கொண்டு, 'சிவப்பு. எண்ணெயில் டீசல் கலப்பு. உடனே கவனிக்கவும்' என்று அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு என்மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது.

மறுநாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"ரிப்போர்ட் பார்த்தேன். நீ போட்டதா?"

"ஆமாங்க."

"செரி. லீவை நிறுத்திட்டாங்க. டீசல் எங்கிருந்து எறங்குதுன்னு கண்டுபுடிச்சுச் சரிபண்ணிட்டுத்தான் போகோணும்னு சூப்ரண்ட் சொல்லிட்டாரு. இன்ஜெக்டரை ஒவ்வொண்ணாக் கழட்டிட்டு இருக்கறேன்."

இன்ஜெக்டர் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் குழல். ஆறு இருந்தது. ஒன்று ஒழுகினாலும் டீசல் எண்ணெயில் கலக்கும். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. "இத்தனை நாள் என்னத்தைப் பார்த்தீங்க? ஒழுகற வரைக்கும் விட்டுட்டு, கல்யாணத்து வாரத்துலயா கழட்டறது?" என்று கத்தினேன். கீழே பேக்கரியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்ததாக அப்புறம் சொன்னார்கள். போனில் மாப்பிள்ளை சிரித்தார். சிரித்ததற்கும் சேர்த்துத் திட்டினேன்.

மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். மூன்று பார்த்தாயிற்று, மூன்றும் நன்றாக இருக்கிறது என்றார்.

"மிச்ச மூணுலயும் இல்லாமப் போனா?"

"நீ எழுதியிருக்கறயே. இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார், வைத்துவிட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். உன் ரிப்போர்ட் தப்பு, பாட்டில் மாறியிருக்கும், மறுபடி பார் என்று கேட்டிருந்தால் கோபத்தில் துள்ளிக் குதித்திருப்பேன். அவரோ என் கையெழுத்தை நம்பி, நல்ல இன்ஜெக்டர்களை வரிசையாகக் கழற்றிக்கொண்டிருந்தார். முதல் தடவையாக எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது.

சாரிடம் போனேன். "டீசல் கலந்தா எண்ணெய் இளகோணுமில்லீங்க சார்? இது இளகவே இல்லையே."

"புகைக்கரி சேர்ந்தா கெட்டியாகும், டீசல் சேர்ந்தா இளகும். ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்தா ஒண்ணும் தெரியாது அம்மிணி. உன்ற எண்ணு சரியாத்தான் இருக்கும்" என்றார் ஆறுதலாக. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆறுதல் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு யுத்தம். கல்யாணச் சமையலுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவரைப் பேசியிருந்தோம். கீழே பெயர்பெற்ற ஆள், மலைமேல் இதுதான் முதல் கல்யாணம். அம்மா யாரையும் ருசி பார்க்காமல் நம்ப மாட்டாள். ஒரு சட்டி சாம்பார் வைத்துக்காட்டச் சொல்லியிருந்தாள். கொல்லையில் அடுப்பு மூட்டி, அவர் இரண்டு மணி நேரமாகப் பருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பருப்பு சரியில்லீங்க. தளதளன்னு கொதிக்குதுங்க, ஆனா வேக மாட்டேங்குது. எங்கூர்ல இந்நேரத்துக்கு மலந்திருக்குமுங்க."

"பருப்பு மேல ஏனுங்க பழி? இந்த ஊர்ல குக்கர் வெச்சாத்தான் வேகும். தண்ணி சீக்கிரமாக் கொதிச்சுடும், சூடு பத்தாது. பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!" என்றாள் அம்மா.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் அப்படியே நின்றேன். தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், சூடு பத்தாது. எண்ணெய் சீக்கிரம் பற்றும், எண் பத்தாது. ஐந்து கூட்டு. ஐந்து கூட்டு! நான் சமையல்காரரின் கரண்டி பிடித்த கையை அப்படியே பிடித்துக்கொண்டு குதித்தேன். அவர் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தார். மாப்பிள்ளை வராத ஏக்கத்தில் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். நான் அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தேன்.

சார் லேபைப் பூட்டிக்கொண்டிருந்தார். திறக்கவைத்தேன். புதுக் கருவி வந்த பிறகு சோதித்த எல்லா எண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பதினோரு கப்பல். பதினொன்றும் போன மாதத்தைவிட ஏறக்குறைய ஐந்து டிகிரி இறங்கியிருந்தன. ஒரே வாரத்தில் பதினோரு கப்பலுக்கும் காய்ச்சல்! ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபைலில் பார்த்ததால் எங்களுக்கு உறைக்கவில்லை. மற்றதெல்லாம் எல்லைக்கு வெகு உயரத்தில் இருந்ததால் ஐந்து குறைந்தும் சிவப்பாகவில்லை. இந்த ஒன்று மட்டும் எல்லைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, அதனால் மாட்டிக்கொண்டது. சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழவும் செய்தேன். அங்கே அவர் நாலாவதைக் கழற்றிக்கொண்டிருப்பாரே.

உடனே படகின் சூப்பரின்டெண்டைக் கூப்பிட்டோம். அவர்தான் லீவை நிறுத்தியவர். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கருவியில் அமைப்பு தப்பு, தப்பு என்னுடையது, இப்போது சரிசெய்தால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டும் என்றேன்.

"ஏம்மா," என்றார் நிதானமாக, "நேத்து சிவப்புன்னு எழுதுன. இன்னைக்குப் பச்சைங்கிற. மாப்பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியாதா? சுவிட்சைத் தட்டுனா ஏறுற எண்ணை நம்பி நான் எஞ்சினைக் கடலுக்கு அனுப்ப முடியுமா?"

நியாயம்தான். என் முகம் சிவந்துவிட்டது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன். ஆனால் சார் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"சுவிட்சைத் தொடாமயே எண்ணை ஏத்திக் காட்டினா ஒத்துக்குவீங்களா?"

"எப்படி?"

"நாளைக்குக் காலைல வீடியோல வாங்க" என்று வைத்துவிட்டார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கடலை விட்டு ஓடிவந்தவர், அதை நோக்கிக் கொஞ்சம் இறங்கத் தயாராகிவிட்டார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு சாரின் பழைய ஜீப் கிளம்பியது. முன்சீட்டில் நான், மடியில் கருவி, ஒரு கையில் எண்ணெய் பாட்டில், மறு கையில் வீடியோ போன். பின்சீட்டில் சமையல்காரர், அண்டா, வேகாத பருப்பு. அவர் எப்படியும் ஊருக்குத் திரும்ப வேண்டும், விஷயம் தெரிந்ததும், "இந்த மெஷினும் என்னைய மாதிரித்தானுங்களா?" என்று ஒரே குஷி. கிளம்பும் முன் லேபிலேயே சூப்பரின்டெண்ட் பார்க்க ஒரு தடவை ஓட்டினோம். நூற்று எண்பத்தேழு. பிறகு கருவியின் பொத்தான்மேல் சார் செலோடேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டார்.

அந்த மலைப்பாதையில் எனக்கு எப்போதும் குமட்டும். நாலாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறவள். அன்றைக்கு ஒன்றுமே ஆகவில்லை. மூடுபனி, யூகலிப்டஸ், எதிரே முக்கிக்கொண்டு ஏறும் பஸ், எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாக வந்தது. கல்யாணப் பெண் வெயிலில் போகக்கூடாது என்று அம்மா தலையில் சுற்றிவிட்ட ஸ்கார்ஃப் பாதி வழியில் பறந்துபோனது. நிறுத்தட்டுமா என்று சார் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

பாதி மலை இறங்கியதும் பர்லியாரில் நிறுத்தினோம். பழக்கடைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் பிளக் கேட்டோம். கடைக்காரர் மிக்ஸியைக் கழற்றிவிட்டு இடம் கொடுத்தார். ஊசியில் எண்ணெயை எடுத்து விட்டேன். கூட்டம் கூடிவிட்டது. மங்குஸ்தான் வாங்கவந்த ஒரு குடும்பம் பழத்தை உரித்தபடி சுற்றி நின்றது. "டீத்தூள்ல கலப்படம் பார்க்கறாங்களாட்டம் இருக்குது" என்று யாரோ சொல்ல, கடைக்காரர் முகம் மாறி, "ஏனுங்க, எங்கடைத் தூள் சுத்தமானதுங்க" என்றார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் கருவி பீப் அடித்தது. நூற்று எண்பத்தொன்பது.

போனில் சூப்பரின்டெண்டின் புருவம் உயர்ந்ததைப் பார்த்தேன். "ரெண்டு கூடியிருக்கு" என்றார்.

"இன்னும் எறங்கறோமுங்க" என்று பின்னாலிருந்து சமையல்காரர் முந்திக்கொண்டார்.

மேட்டுப்பாளையத்தில் அவருடைய சமையல் கொட்டகைக்கே போனோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அரிசி மூட்டைமேல் கருவியை வைத்தேன். ஊசியில் நாலு சொட்டு எண்ணெயை எடுத்துக் கிண்ணத்தில் விட்டேன். பக்கத்து அடுப்பில் அவர் அதே பருப்பைப் புதுத் தண்ணீரில் ஏற்றிவிட்டார். அவருக்கும் ஒரு மானப் பிரச்சினை இருந்ததே. சூடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். நூற்றெண்பத்தைந்து, ஆறு, ஏழு. பற்றாதே, பற்றாதே என்று வாய்விட்டே கெஞ்சினேன். எட்டு. ஒன்பது. தொண்ணூறு தாண்டியது. தொண்ணூற்றொன்றில் பற்றி, பீப் அடித்தது.

"தூத்துக்குடிக்கே கொண்டுவந்தா தொண்ணூத்திரண்டு காட்டும். கொண்டுவரட்டுங்களா?" என்றார் சார்.

சூப்பரின்டெண்ட் சிரிக்க ஆரம்பித்தார். நான் சிரிப்பை எதிர்பார்க்கவில்லை. திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தேன். "எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல, அப்படித்தானே?" என்றார். "ஒண்ணுமில்லீங்க. ஒண்ணுமே இல்லீங்க. தப்பு என்னோடதுங்க" என்றேன். "அப்ப இவனை நீயே பார்த்துக்கோ" என்று போனைத் திருப்பினார்.

அவர் எஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முழங்கைவரை கறுப்பு. கையில் ஆறாவது இன்ஜெக்டர். முன்னால் ஒரு துணிமேல் மீதி ஐந்தும் வரிசையாக, துடைத்துப் பளபளவென்று கிடந்தன. விடியலிலிருந்து நின்றபடியே இருந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், வார்த்தைக்குப் பதில் அழுகைதான் வந்தது. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, சமையல்காரரும் சாரும் பார்க்க, ஓவென்று அழுதேன்.

"ஏன் அழுகறே? ஆறும் நல்லா இருக்குது, சந்தோஷந்தான?" என்றார். ஒரு குற்றச்சாட்டும் இல்லை அந்தக் குரலில். எனக்கு அவரை அப்போதே, அந்த போனிலேயே கட்டிக்கொண்டால் என்ன என்று இருந்தது.

அதற்குள் பருப்பு மலர்ந்துவிட்டது. சமையல்காரர் ஒரு கரண்டி எடுத்து விரலால் நசுக்கிக் காட்டி, "இப்பச் சொல்லுங்க, பருப்பா, ஊரா?" என்றார். நெய் விட்டுப் பிசைந்து மூன்று பேரும் நின்றபடியே சாப்பிட்டோம். அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படி ஒரு பருப்புச் சோறு சாப்பிட்டதில்லை.

வியாழக்கிழமை பதினோரு கப்பலுக்கும் திருத்திய ரிப்போர்ட் அனுப்ப வேண்டியிருந்தது. என் கை இரண்டிலும் மருதாணி. நான் சொல்லச் சொல்ல சார் டைப் அடித்தார். காரணம் என்ற கட்டத்தில் 'கருவி அமைப்பில் கோளாறு' என்று அடித்தார். வேண்டாம் சார், 'சோதித்தவர் பிழை' என்று போடுங்கள் என்றேன். மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் மாற்றினார். அன்று முழுக்க அவர் தூத்துக்குடியில் ஆறு இன்ஜெக்டரையும் மறுபடி பூட்டி, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, ஒப்படைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். நேரே கேத்திக்குப் போகாமல் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, தலையைக் காட்டிவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கலாமா என்று அத்தைகள் கூச்சல் போட்டார்கள். அம்மா மட்டும் காபி கொடுத்தாள்.

சனிக்கிழமை சபையார் வீடுகளில் இருந்த அத்தனை குக்கரும் சமையல்காரரிடம் வந்து சேர்ந்தன. பிரசங்கத்துக்கு நடுவே பின்னாலிருந்து விசில்மேல் விசில். பாதிரியார் இரண்டு தடவை நிறுத்தினார், மூன்றாவது தடவை அவரே சிரித்துவிட்டார். எனக்கு முதலிலிருந்தே சிரிப்பு. குனிந்து முக்காட்டில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஸ்டுடியோக்காரர் ஆல்பத்துக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் காட்டினார். மோதிரம் போடும் படத்தைப் பெரிதாக்கினார். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, மாலை எல்லாம் பளிச்சென்று இருந்தது. அவருடைய பத்து விரலிலும் நகத்து ஓரம் கறுப்பு. இரண்டு நாள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அந்த அழுக்கை எடுத்துடலாமில்லீங்க?"

"ஒரே நிமிஷந்தானுங்க" என்று ஸ்டுடியோக்காரர் மவுஸை நகர்த்தினார்.

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். நான் தப்பாக எழுதியதை நம்பி ஆறு நல்ல இன்ஜெக்டரைக் கழற்றியதில் வந்த கறுப்பு அது. ஒன்றையும் அழிக்காதீர்கள், பத்தும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.